பிராசசர் செட்டிங் மாத்தினேன், டிஸ்ப்ளே வரல. சிரசு திருவிழாவுக்கு முந்தி எழுப்பணும், யாராவது சொல்லுங்க

குடியாத்தம்_ஃப்ளெக்ஸ் · செவ்வாய் இரவு 10:48

வணக்கம். குடியாத்தத்துல ஃப்ளெக்ஸ் டிசைன் கடை வச்சிக்கினு கீறேன். வைகாசி 1 அன்னைக்கு கெங்கையம்மன் சிரசு. தெருவுக்கு ஒரு கோஷ்டி, கோஷ்டிக்கு நாலு பேனர், எல்லாருக்கும் நாளைக்கே வேணும். இந்த நேரம் பாத்து மெஷின் படுத்துடுச்சி.

மெஷின் பழசா வாங்கினது. இன்டெல் ஐ5-9600கே, இசட்390 போர்டு, 16 ஜிபி ராம், 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி, தனியா 1 டிபி டிஸ்க். கடை மேல சிமெண்ட் ஷீட். கத்திரி வெயில்ல உள்ள உக்காந்தா நாமளே வெந்துடுவோம், பிராசசர் என்ன பண்ணும்? கோரல்டிராவுல 20 அடி பேனர எக்ஸ்போர்ட் போட சொல்ல 98 டிகிரி காட்டுச்சி, வேகமும் படுத்துக்கிச்சி.

ஒரு வீடியோ பாத்தேன். பயாஸ்ல, அதான் மெஷின் ஆன் ஆவசொல்ல முதல்ல வர்ற செட்டிங் பக்கத்துல, கோர் ரேஷியோவ 50 வை (5.0 கிகாஹெர்ட்ஸ்), வோல்டேஜ் ஆஃப்செட்ட மைனஸ் 0.150 வை, வேகம் கூடும் சூடு குறையும்னு சொன்னான். வச்சேன். எஃப்10 அமுக்கினேன். அவ்ளோதான். ஃபேன் சுத்துது, டிஸ்ப்ளே வரல, கீபோர்டுல லைட் இல்ல. போர்டுல சிபியுன்னு எழுதின இடத்துல சிவப்பு லைட்டு நிக்குது.

இங்க ஒரு கடையில காட்டினேன். தொறந்துகூட பாக்கல. "பிராசசர் எரிஞ்சிருக்கும், போர்டும் சேந்து போயிருக்கும், 14,000 ஆவும்"னுட்டார். வீட்டுக்கு எடுத்தாந்து போர்டுல கீற பட்டன் செல்ல கழட்டி 10 நிமிஷம் வச்சிட்டு திரும்ப போட்டேன். அதுவும் கரண்ட் இல்லாத நேரம்தான். ஒண்ணும் மாறல. நிஜமாவே எரிஞ்சிடுச்சா?


ஆம்பூர்_லைன்வீடு · செவ்வாய் இரவு 11:02

பயாஸ் கரப்ட் ஆயிருக்கும் ப்ரோ. பென்டிரைவ்ல புது பயாஸ் போட்டு ஃப்ளாஷ் அடிங்க, வந்துடும்.


வாலாஜா_லேப் · செவ்வாய் இரவு 11:10

ஆம்பூர் தம்பி, டிஸ்ப்ளேவே வராத மெஷின்ல ஃப்ளாஷ் பண்ற மெனுவுக்கு அவர் எப்படிப் போவார்? பின்னாடி தனி ஃப்ளாஷ் பட்டன் இருக்கிற போர்டா இருந்தாதான் முடியும். இருந்தாலும் இது அதுக்கான நோய் இல்ல. பயாஸ் நல்லாத்தான் இருக்கு, அதுக்குக் கொடுத்த எண்தான் தப்பு. எண்ணை அழிச்சாப் போதும்.


பழைய_வடஆற்காடு · செவ்வாய் இரவு 11:31

தம்பி குடியாத்தம், முதல்ல தூங்குங்க. பிராசசர் எரியல.

எரியறதுக்கு வோல்டேஜ் கூடணும். நீங்க குறைச்சிருக்கீங்க. 9600கே-க்கு கம்பெனி கொடுத்த உச்ச டர்போ 4.6 கிகாஹெர்ட்ஸ், அதுவும் ஒரே ஒரு கோர் வேலை செய்யறப்ப. ஆறு கோரையும் 5.0-ல ஓடுன்னு சொல்லிட்டு, அந்த ஓட்டத்துக்கு வேண்டிய சோத்துல ஒரு பங்கைப் பிடுங்கிட்டா எப்படி ஓடும்? ரெண்டுல ஒண்ணை மட்டும் செஞ்சிருந்தா அநேகமா விண்டோஸ் வரைக்கும் வந்து நீலத் திரை காட்டியிருக்கும். ரெண்டும் சேர்ந்ததால பயாஸோட முதல் பக்கத்தைக்கூட அதால படிக்க முடியல. மயக்கம்தான், மரணம் இல்ல. அந்தக் கடைக்காரர் சொன்ன 14,000-த்தை பேனர் மையில போடுங்க.

ஒரே ஒரு கேள்வி. செல்லைக் கழட்டினப்ப எஸ்எம்பிஎஸ் (கேபினெட்டுக்குள்ள கரண்ட் கொடுக்கற பெட்டி) வயர் எதுல மாட்டியிருந்தது?


குடியாத்தம்_ஃப்ளெக்ஸ் · புதன் காலை 6:20

பிளக்குலதான் இருந்துச்சிண்ணா. ஆனா கரண்ட் போயிருந்துச்சே. வீட்ல இன்வெர்ட்டர் கீது, அந்த பிளக் இன்வெர்ட்டர் லைன்தான். இப்ப நீங்க கேக்கசொல்லதான் ஞாபகம் வருது, போர்டு ஓரத்துல ஒரு சின்ன லைட்டு எரிஞ்சிக்கினேதான் இருந்துச்சி.


பழைய_வடஆற்காடு · புதன் காலை 7:05

அங்கதான் இருக்கு சூட்சுமம். கொஞ்சம் நீளமா சொல்றேன், இதே தப்பை வருஷத்துக்கு பத்து பேர் செய்யறாங்க.

கம்ப்யூட்டரை அணைச்சாலும் பிளக்குல இருக்கிற வரைக்கும் எஸ்எம்பிஎஸ் முழுசா தூங்காது. 24 பின் கனெக்டர்ல ஊதா கலர் வயர் ஒண்ணு வருது பாருங்க, அதுல எப்பவும் 5 வோல்ட் நின்னுக்கிட்டே இருக்கும். முன்னாடி பட்டனை அமுக்கினா போர்டுக்குத் தெரியறது அந்த ஸ்டாண்ட்பை கரண்டாலதான். அதே கரண்ட்தான் கடிகாரத்துக்கும் செட்டிங் நினைவுக்கும் போகுது. செல்லும் இதுவும் ரெண்டு பக்கமா வந்து ஒரு ஜோடி டயோடு வழியா சேருது. எது இருக்கோ அது ஊட்டும். அதனாலதான் தினம் பிளக்குல இருக்கிற மெஷினோட செல் அஞ்சாறு வருஷம் தாங்குது, மூலையில போட்டு வச்ச மெஷினோட செல் சீக்கிரம் சாகுது.

நீங்க செல்லைக் கழட்டினீங்க, இன்வெர்ட்டர் சோறு போட்டுக்கிட்டு இருந்துச்சு. 10 நிமிஷம் இல்ல, அந்த லைட்டு எரியற வரைக்கும் பத்து நாள் வச்சாலும் அது எதையும் மறக்காது. ஈபி கரண்ட் போனா எல்லாம் போச்சுன்னு நினைக்கறது நம்ம பக்கத்து ஆளுங்க எல்லாருக்கும் உள்ள பழக்கம்தான். இன்வெர்ட்டர் வந்ததுக்கு அப்புறம் அந்தக் கணக்கு செல்லாது.

இந்த ஏற்பாடு இன்னைக்கு நேத்து வந்தது இல்ல. 1984-ல ஐபிஎம் ஏடி வந்தப்பவே கடிகாரச் சிப்புக்குள்ள 64 பைட் நினைவு வச்சு, அதுல 14-ஐ கடிகாரத்துக்குக் கொடுத்து, மிச்சம் 50-ல செட்டிங்கை எழுதி வச்சாங்க. அதுக்கு முந்தி போர்டுல குட்டிக் குட்டி சுவிட்சுங்களைத் தள்ளி வைக்கணும். 1991-ல நான் வேலைக்குச் சேர்ந்தப்ப, நம்ம மாவட்டம் இன்னும் வடஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்னு பேர்ல இருந்த காலம், செல்லை போர்டுல பற்றவச்சே அனுப்புவாங்க. அது கசிஞ்சு போர்டையே அரிச்சுடும். அந்தப் புலம்பலை இன்னொரு நாள் வச்சுக்கலாம்.

இப்ப செய்ய வேண்டியது. வயரை எஸ்எம்பிஎஸ்ல இருந்தே உருவுங்க, சுவிட்சை அணைச்சா போதாது. பவர் பட்டனை அரை நிமிஷம் அமுக்கிப் பிடிங்க, மிச்சம் தேங்கினது வடிஞ்சு அந்த ஓர லைட்டு அணையும். அது அணைஞ்சதைக் கண்ணால பார்த்த பிறகு செல்லைத் தொடுங்க. செல் சிஆர்2032, மேல பிளஸ் இருக்கும். பக்கத்துல இருக்கிற கொக்கியை ஸ்க்ரூடிரைவரால லேசா ஒதுக்கினா தானா எழும்பும். நெம்பாதீங்க, கொக்கி உடைஞ்சா செல் நிக்காது.


வாலாஜா_லேப் · புதன் காலை 7:22

ஐயா சொன்னதுல ஒண்ணு சேர்த்துக்கறேன். செல்லைவிட ஜம்பர் நல்லது. செல்லுக்குப் பக்கத்துலயோ போர்டோட கீழ் விளிம்புலயோ ரெண்டு பின் தனியா நிக்கும். ஆசுஸ்ல சிஎல்ஆர்டிசி, ஜிகாபைட்ல சிஎல்ஆர் சிமாஸ், எம்எஸ்ஐல ஜேபேட்1னு எழுதியிருக்கும். வயரை உருவின நிலையில அந்த ரெண்டு பின்னையும் ஸ்க்ரூடிரைவர் முனையால 10 விநாடி சேர்த்துத் தொட்டா போதும். செல் எடுத்தா தேங்கின கரண்ட் வடியற வரைக்கும் காத்திருக்கணும், ஜம்பர் நேரா "மறந்துடு"ன்னு சொல்ற கம்பி.

பின் எதுன்னு உறுதியா தெரியலன்னா போட்டோ போடுங்க. எங்க லேப்ல ஒரு பையன் பவர் லெட் பின்னை ஷார்ட் பண்ணிட்டு "மிஸ், ரீசெட் ஆகல"ன்னு அரை மணி நேரம் நின்னான். அவனாவது கரண்ட் இல்லாம செஞ்சான்.

இன்னொண்ணு தம்பி, ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இரும்புக் கேபினெட்டைக் கையால ஒரு தடவை தொடுங்க, உடம்புல இருக்கிற ஸ்டாட்டிக் கரண்ட் இறங்கட்டும்.


பாலாறு_மணல் · புதன் காலை 9:14

நடுவுல வந்ததுக்கு மன்னிக்கணும். எனக்கும் கிட்டத்தட்ட இதே கேஸ், ஆனா லேப்டாப்பு. த்ராட்டில்ஸ்டாப்புன்னு விண்டோஸ்லயே வோல்டேஜ் மாத்தற மென்பொருள்ல வோல்டேஜ் குறைச்சேன், ஆன் ஆனதும் அதுவா ஓடற மாதிரி வேற வச்சிட்டேன். இப்ப விண்டோஸ் வருது, டெஸ்க்டாப்பு வந்து அஞ்சு விநாடில நீலத் திரை, ரீஸ்டார்ட்டு, மறுபடி அதே. லேப்டாப்புல செல் எங்க இருக்குன்னே தெரியல.


பழைய_வடஆற்காடு · புதன் காலை 9:40

பாலாறு, உங்களுது வேற கேஸ், கேபினெட் திறக்க வேண்டிய வேலை இல்ல. அந்த மென்பொருள் வைக்கற வோல்டேஜ் பிராசசருக்குள்ள தற்காலிகமா நிக்கறது. மெஷினை முழுசா அணைச்சா அழிஞ்சுடும். ஒவ்வொரு தடவையும் அதைத் திரும்பத் திணிக்கறது நீங்க வச்ச ஆட்டோஸ்டார்ட்தான். அதை நிறுத்தினா முடிஞ்சது.

விண்டோஸ் வட்டம் சுத்த ஆரம்பிச்சதும் பவர் பட்டனை அமுக்கி அணைங்க. இப்படி ரெண்டு மூணு தடவை தொடர்ந்து செஞ்சா அடுத்த தடவை ரிப்பேர் மெனு தானா வரும். அதுல சேஃப் மோடுக்கு (விண்டோஸ் அவசியமானதை மட்டும் எழுப்பற நிலை) போங்க. சேஃப் மோடுல அது ஓடாது. டாஸ்க் ஷெட்யூலர்லயோ ஸ்டார்ட்அப்லயோ இருந்து எடுத்துடுங்க, அதோட ஃபோல்டர்ல இருக்கிற த்ராட்டில்ஸ்டாப் டாட் ஐஎன்ஐங்கற செட்டிங் ஃபைலையும் அழிச்சுடுங்க. ஐஎன்ஐ-யை விட்டுட்டா நாளைக்கு ஆசைப்பட்டு திறந்ததும் பழைய எண்ணே வந்து நிக்கும்.


பாலாறு_மணல் · புதன் காலை 10:32

வந்துடுச்சி சார். ஐஎன்ஐ அழிச்சேன். நீங்க நல்லா இருக்கணும். ஆனா ஒரு சந்தேகம், என் ஃப்ரெண்டு லேப்டாப்புல இந்த வோல்டேஜ் கட்டமே மங்கலா இருக்கு, மாத்த முடியல. அது ஏன்?


வாலாஜா_லேப் · புதன் காலை 10:50

2019 டிசம்பர்ல ப்ளண்டர்வோல்ட்னு ஒரு ஓட்டை வெளிய வந்துச்சு. வோல்டேஜை வேணும்னே தாறுமாறா குறைச்சு, பிராசசரைக் கணக்குல தப்பு பண்ண வச்சு, அதுக்குள்ள பூட்டி வச்ச ரகசியத்தைக் கறக்கலாம்னு ஆராய்ச்சிக்காரங்க காட்டினாங்க. அதுக்கப்புறம் நிறைய லேப்டாப் கம்பெனிங்க பயாஸ் அப்டேட்ல அந்தக் கதவை மூடிட்டாங்க. உங்க ஃப்ரெண்டுக்கு மூடின கதவு, உங்களுக்குத் திறந்த கதவு. யார் பாக்கியசாலின்னு நேத்து ராத்திரி உங்களைக் கேட்டிருக்கணும்.


குடியாத்தம்_ஃப்ளெக்ஸ் · புதன் மதியம் 1:15

அண்ணா, அக்கா, செஞ்சேன். வயர உருவி, பட்டன அமுக்கி, ஓர லைட்டு அணைஞ்சத பாத்து, ஜம்பர 10 விநாடி தொட்டேன். வயர் மாட்டி ஆன் பண்ணேன். ஆன் ஆச்சி, தானா அணைஞ்சிடுச்சி. மறுபடி தானா ஆன் ஆச்சி, மறுபடி அணைஞ்சிடுச்சி. எனக்கு பயம் வந்து வயர புடுங்கிட்டேன். இப்ப போர்டு ஷார்ட் ஆயிடுச்சா?


வாலாஜா_லேப் · புதன் மதியம் 1:21

ஐயோ தம்பி, அது எழுந்திருக்கிற அறிகுறி! எல்லாம் மறந்ததால ராமை முதல்லேருந்து பழகிக்கிட்டு இருக்கு. எந்த வேகம், எந்த டைமிங்னு ஒவ்வொண்ணா போட்டுப் பார்த்து, நடுவுல தானே அணைஞ்சு எழும். ரெண்டு மூணு தடவை இப்படி ஆகும். புது டிடிஆர்5 மெஷின்ல நிமிஷக் கணக்குல இருட்டாவே நிக்கும். தொடாம விடுங்க. போய் சாப்பிட்டுட்டு வாங்க.


குடியாத்தம்_ஃப்ளெக்ஸ் · புதன் மதியம் 2:03

டிஸ்ப்ளே வந்துடுச்சி!!! எஃப்1 அமுக்குன்னு இங்கிலீஷ்ல நிக்குது. எங்க அம்மா சூடம் ஏத்திட்டாங்க மானிட்டருக்கு.

தேதி 2019 ஜனவரி 1-ன்னு காட்டுது.


முள்கத்திரி · புதன் மதியம் 2:07

2019 ஜனவரின்னா ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் இன்னும் வேலூர் மாவட்டம்தான். வாலாஜா அக்கா, நீங்க இப்ப எங்க மாவட்டம், வரவேற்கிறோம்.


வாலாஜா_லேப் · புதன் மதியம் 2:09

கலெக்டர் ஆபீசுக்கு மறுபடி வேலூர் பஸ் ஏற வைக்காதீங்க.

குடியாத்தம் தம்பி, சிரிக்கற விஷயம் இல்ல, தேதியை இப்பவே பயாஸ்லயே சரி பண்ணுங்க. பழைய தேதியோட போனா பிரவுசர்ல ஒரு தளமும் திறக்காது, சான்றிதழ் தப்புன்னு சொல்லும். டேலியில பில் போட்டீங்கன்னா ஆடிட்டர் வீட்டுக்கே வந்துடுவார். அப்புறம் செல்லையும் புதுசா மாத்திடுங்க. மல்டிமீட்டர் இருந்தா பாருங்க, புதுசு 3 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல காட்டும், 2.8-க்குக் கீழ போயிருந்தா அது கிழடு.


குடியாத்தம்_ஃப்ளெக்ஸ் · புதன் மதியம் 2:41

தேதி மாத்தி சேவ் பண்ணி வெளிய வந்தேன். விண்டோஸ் வட்டம் சுத்துச்சி, அப்புறம் நீலத் திரை. இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ். ரீஸ்டார்ட், மறுபடி அதே. இப்ப "ரீசெட் திஸ் பிசி" கேக்குது.

கடைக்காரருக்கு போன் போட்டேன். "டிஸ்க்கும் போச்சு, ஃபார்மேட் போட்டு புது விண்டோஸ் ஏத்தணும், 800 குடு"ன்றார். என் டிசைன் எல்லாம் டெஸ்க்டாப்புலயே கீது. சிரசு பேனர் 31. பேக்கப் இல்ல. ரீசெட் குடுக்கட்டா? சீக்கிரம் சொல்லுங்க.


பழைய_வடஆற்காடு · புதன் மதியம் 2:44

கொடுக்காதீங்க. கையை எடுங்க மவுஸ்ல இருந்து. எழுதிக்கிட்டு இருக்கேன், அஞ்சு நிமிஷம்.


பழைய_வடஆற்காடு · புதன் மதியம் 2:56

நேத்து ராத்திரியே இதை எச்சரிச்சிருக்கணும், என் தப்பு. ஜம்பரால பயாஸை ரீசெட் பண்ணினா வோல்டேஜ் மட்டும் பழைய நிலைக்குப் போகாது, எல்லாமே போகும். நீங்க மாத்தினது ரெண்டு எண். அழிஞ்சது மெஷினை விற்ற ஆள் உங்களுக்கு முந்தி மாத்தி வச்ச அத்தனையும்.

உங்க டிஸ்க் சாகலை. விண்டோஸ் பாதி தூரம் வந்து, "நான் இருந்த வீட்டுக்கு வழி தெரியல"ன்னு நிக்குது. இசட்390 போர்டுல சாட்டா டிஸ்க்கோட பேச ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு சாதாரண ஏஹெச்சிஐ. இன்னொண்ணு இன்டெல் ஆர்எஸ்டி. பழைய ஓனர் ஆப்டேன் (டிஸ்க்கை வேகமாக்கற இன்டெல் துணை நினைவு) போட்டிருப்பார், இல்ல ரெய்டு (பல டிஸ்க்கை ஒண்ணா சேர்க்கறது) கட்டியிருப்பார், அதுக்காக ஆர்எஸ்டி வச்சுட்டு விண்டோஸ் ஏத்தியிருப்பார். விண்டோஸ் ஆரம்பிக்கறப்ப அந்த டிரைவரை மட்டும்தான் எழுப்பும். ரீசெட்ல போர்டு ஏஹெச்சிஐக்குப் போயிடுச்சு. கதவு மாறிடுச்சு, சாவி பழசு.

அதனால பயாஸுக்குள்ள போய் சாட்டா மோட் செலக்‌ஷன்னு தேடுங்க. அட்வான்ஸ்டு, இல்ல பெரிஃபெரல்ஸ், இல்ல ஐஓ போர்ட்ஸ்னு போர்டுக்குப் போர்டு வேற வேற இடத்துல இருக்கும். அதுல "இன்டெல் ஆர்எஸ்டி பிரீமியம்"னு ஆரம்பிக்கற நீளமான பேரைத் தேர்ந்தெடுத்து சேவ் பண்ணுங்க. வேற எதையும் தொடாதீங்க. ஆர்எஸ்டி மெனுவுக்குள்ள போய் வால்யூம் உருவாக்கு, அழின்னு கேட்கற எதுக்கும் யெஸ் சொல்லாதீங்க, அதுதான் நிஜமாவே தகவலை அழிக்கற இடம்.

விண்டோஸ் 48 இலக்க ரிகவரி கீ கேட்டா பயப்படாதீங்க, அது பிட்லாக்கர், டிஸ்க்கைப் பூட்டி வைக்கற விண்டோஸ் வசதி. உங்க மைக்ரோசாஃப்ட் கணக்குல செல்போன்ல நுழைஞ்சா டிவைஸ் பக்கத்துல இருக்கும். ஆனா பழசா வாங்கின மெஷின்னா கீ யார் கணக்குல இருக்கும்னு யோசிச்சுப் பார்த்தா எனக்கே வயித்தைக் கலக்குது. கேட்காதுன்னு நம்புவோம்.


ஆம்பூர்_லைன்வீடு · புதன் மாலை 3:10

ஆர்எஸ்டில இருந்து ஏஹெச்சிஐக்கு விண்டோஸ் அழியாம மாறவே முடியாதா? யூடியூப்ல முடியும்னு சொல்றாங்க.


வாலாஜா_லேப் · புதன் மாலை 3:18

முடியும். விண்டோஸ் நல்லா ஓடற நிலையில, அடுத்த தடவை சேஃப் மோடுல எழுன்னு முதல்ல சொல்லி வச்சுட்டு, ரீஸ்டார்ட் பண்ணி, பயாஸ்ல ஏஹெச்சிஐ மாத்தினா, சேஃப் மோடுல அது ரெண்டு டிரைவரையும் எழுப்பிப் பார்த்து புது வழியைக் கத்துக்கும். அப்புறம் சேஃப் மோடை நீக்கிட்டு சாதாரணமா எழுப்பலாம். ஒரே ஒரு எஸ்எஸ்டி தனியா இருந்தாதான் இது. நிஜமாவே ரெண்டு டிஸ்க் சேர்த்து ரெய்டு கட்டியிருந்தாலோ ஆப்டேனோட ஜோடி சேர்த்திருந்தாலோ இந்த விளையாட்டு வேண்டாம். திருவிழாவுக்கு மூணு நாள் இருக்கறப்பவும் வேண்டாம்.


குடியாத்தம்_ஃப்ளெக்ஸ் · புதன் மாலை 3:37

வந்துடுச்சி. டெஸ்க்டாப்பு வந்துடுச்சி. 31 பேனரும் கீது. பிட்லாக்கர் கேக்கல.

முதல் வேலையா எல்லாத்தையும் பென்டிரைவ்ல ஏத்திக்கினு கீறேன். அண்ணா, அக்கா, என்ன சொல்றதுன்னே தெரியல. கடைக்காரர் மறுபடி போன் பண்ணி 600-க்கு எறங்கி வந்தார்.


சோளிங்கர்_படிக்கட்டு · புதன் மாலை 5:02

எனக்கு ஒரு சந்தேகம். விண்டோஸ்லயே ரன்ல போய் எம்எஸ்கான்ஃபிக், அதுல பூட், அட்வான்ஸ்டு, நம்பர் ஆஃப் பிராசசர்ஸ் பெருசா வச்சா வேகம் கூடும்னு ஒரு தம்பி சொன்னான். கூடவே மேக்சிமம் மெமரியும் டிக் அடிச்சான். இப்ப என் பழைய டெஸ்க்டாப்பு விண்டோஸ் லோகோவுலயே செத்துடுது. ஜம்பர் வைக்கட்டுமா?


பழைய_வடஆற்காடு · புதன் மாலை 5:25

வைக்காதீங்க. அது போர்டுல இல்ல, டிஸ்க்ல எழுதினது. ஜம்பரை நூறு தடவை தொட்டாலும் போகாது.

அந்தப் பெட்டியைப் பத்தி வர்ற வீடியோ எல்லாம் பொய். டிக் அடிக்கலன்னா விண்டோஸ் எல்லா கோரையும் எல்லா ராமையும் தானாவே எடுத்துக்கும். டிக் அடிச்சா "இதுக்கு மேல எடுக்காதே"ன்னு அர்த்தம். மென்பொருள் எழுதறவங்க, சின்ன மெஷின்ல எப்படி ஓடும்னு சோதிக்க வச்ச வேலி அது. உங்க தம்பி மெமரியில ஏதோ சின்ன எண்ணை விட்டிருப்பான், அந்த இடுக்குல விண்டோஸால உக்காரவே முடியல.

ரிப்பேர் மெனு வரவச்சு, ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு, கமாண்ட் பிராம்ப்ட். அங்க பிசிடிஎடிட் கட்டளையில டெலீட்வேல்யூ கொடுத்து, வளைவு அடைப்புக்குள்ள டிஃபால்ட்னு போட்டு, ட்ரங்கேட்மெமரிங்கறதை (மெமரி வேலி) நீக்குங்க. அப்படியே இன்னொரு தடவை நம்ப்ராக்கையும் (பிராசசர் எண்ணிக்கை வேலி) நீக்குங்க. எங்க இடைவெளி, எங்க சாய்கோடுன்னு தனிச் செய்தியில படம் அனுப்பறேன், தமிழ்ல எழுதினா குழப்பும்.


சோளிங்கர்_படிக்கட்டு · புதன் இரவு 8:11

ரெண்டும் நீக்கினேன், ஓடுது. தம்பியைத் தேடிக்கிட்டு இருக்கேன்.


சிப்காட்_ஷிப்ட் · புதன் இரவு 9:30

பெரியவரே, என்கிட்ட ஐ7-13700கே. நான் பயாஸ்ல எதையுமே மாத்தல, ஆனாலும் கேம்ல அடிக்கடி கவுந்துடுது, சில நாள் பூட்டே ஆகல. ரீசெட் பண்ணியும் பார்த்துட்டேன்.


வாலாஜா_லேப் · புதன் இரவு 9:52

13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்ல அது கம்பெனி பக்கத்துப் பிரச்சினையாவே இருக்கலாம். தேவைக்கு மேல வோல்டேஜ் கேட்டு வாங்கித் தன்னையே தேய்ச்சுக்கிட்டதா இன்டெல் 2024-ல ஒத்துக்கிச்சு. ஆகஸ்ட்ல 0எக்ஸ்129, செப்டம்பர்ல 0எக்ஸ்12பி-ன்னு மைக்ரோகோட் (பிராசசருக்குள்ளயே ஓடற குட்டி மென்பொருள்) திருத்தம் விட்டாங்க, போர்டு கம்பெனி பயாஸ் அப்டேட் வழியா வரும். ஏற்கெனவே தேய்ஞ்சதை அது சரி பண்ணாது, இனிமே தேயாம காக்கும். பெட்டியில வாங்கின பிராசசருக்கு வாரண்டியை 2 வருஷம் நீட்டியிருக்காங்க, பில்லைத் தேடி எடுங்க. உங்களுக்கு ஜம்பர் வைத்தியம் இல்ல, ரீப்ளேஸ்மென்ட்தான் வழியா இருக்கும். தனி இழை போடுங்க, இங்க கலந்தா தேடறவங்களுக்குக் குழப்பம்.


குடியாத்தம்_ஃப்ளெக்ஸ் · வியாழன் காலை 11:20

இன்னொரு கேள்வி. மெஷின் ஓடுது, ஆனா முன்னவிட மந்தமா கீற மாதிரி தோணுது. சூடு மட்டும் பழைய மாதிரியே 97, 98. இப்ப ரேஷியோவ தொடாம ஆஃப்செட் மட்டும் மைனஸ் 0.050 வைக்கலாமா?


பழைய_வடஆற்காடு · வியாழன் மதியம் 12:05

மந்தத்துக்குக் காரணம் ராம். ரீசெட் ஆனதும் ராமை அதோட முழு வேகத்துல ஓட்டற எக்ஸ்எம்பி செட்டிங் அணைஞ்சிருக்கும், 3200 ராம் 2133-ல நடந்துக்கிட்டு இருக்கும். எக்ஸ்எம்பியை மட்டும் திரும்ப வைங்க. மாத்தறதுக்கு முந்தி பயாஸ் பக்கம் ஒவ்வொண்ணையும் செல்போன்ல படம் எடுத்து வச்சுக்குங்க. நேத்து அது கையில இருந்திருந்தா சாட்டா கதை ஒரு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும்.

ஆஃப்செட் 0.050 அநேகமா தாங்கும், ஆபத்து ஒண்ணும் இல்ல. ஆனா நான் வேற கேக்கறேன். மெஷினை வாங்கினதுல இருந்து ஹீட்சிங்கைக் கழட்டிப் பார்த்தீங்களா? 9600கே 100 டிகிரியைத் தொட்டா தானே வேகத்தைக் குறைச்சுக்கும். நீங்க முதல்ல எக்ஸ்போர்ட் போட்டப்ப பார்த்த மந்தம் அதுதான். எத்தனை கத்திரி வெயிலா இருந்தாலும் வெளிய 50 டிகிரிகூட வராது. உள்ள 98-ன்னா வெயில் மேல மட்டும் பழி போட முடியாது.


குடியாத்தம்_ஃப்ளெக்ஸ் · வியாழன் இரவு 9:44

கழட்டினேன். படம் போட்டிருக்கேன் பாருங்க, சாப்பிடசொல்ல பாக்காதீங்க. ஃபேனுக்கும் தகடுக்கும் நடுவுல கம்பளி மாதிரி ஒரு பாய் படிஞ்சி கீது. பக்கத்து வீட்ல லுங்கி தறி ஓடுது, அந்த பஞ்சு முழுக்க இங்கதான் வந்து உக்காந்துக்கினு கீது. பஞ்சுக்கு கீழ பேஸ்ட் காஞ்சி சுண்ணாம்பா உதிருது.

ப்ளோயர் அடிச்சி, புது பேஸ்ட் வச்சி, எக்ஸ்எம்பி மட்டும் ஆன் பண்ணேன். அதே 20 அடி பேனர எக்ஸ்போர்ட் போட்டேன். 73 டிகிரி.


முள்கத்திரி · வியாழன் இரவு 9:51

ஆஃப்செட் வச்சியா?


குடியாத்தம்_ஃப்ளெக்ஸ் · வியாழன் இரவு 9:53

அந்தப் பக்கமே போகல. இன்னும் 9 பேனர் பாக்கி, பொறவு வரேன்.


பழைய_வடஆற்காடு · வியாழன் இரவு 10:15

செல் மாத்தினீங்களா?


குடியாத்தம்_ஃப்ளெக்ஸ் · வெள்ளி காலை 6:02

மறந்துட்டேண்ணா. சிரசு முடிஞ்சி மாத்தறேன். இன்வெர்ட்டர்தான் கீதே.